ஒன்பது நாள் படகு இல்லை

1

இந்தக் கதை எனக்கு மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேடிப் போகவில்லை, தவமிருக்கவில்லை. குடையை மறந்த ஒரு புதன்கிழமை, ஆவணக் காப்பகத்தின் வாசலில் ஏறி நின்றேன். உள்ளே கண்காட்சி. ஒரே தீவு, ஐந்நூறு வருஷம், ஆறு வரைபடங்கள். மழை விடுகிற மாதிரி இல்லாததால் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பட்டை. காகிதத்தில் மசி, நீள அகலம் இவ்வளவு, வரைந்தவர் பெயர் தெரியவில்லை. படித்தால் கொட்டாவி வரும் அரசாங்கத் தமிழ். ஐந்தாவது அட்டையில் இப்படி இருந்தது:

“துறைமுக வரைபடம். தொண்ணூறு ஆண்டுகள் பழையது. ஓரத்தில் பென்சில் குறிப்புகள். எழுதியவர் தெரியவில்லை. எழுதியிருப்பது உண்மை.”

கடைசி இரண்டு சொற்களை மூன்று தடவை படித்தேன். அட்டை எழுதுகிறவர்கள் அளவு சொல்வார்கள், வயது சொல்வார்கள். சத்தியம் செய்ய மாட்டார்கள்.

காவலாளியிடம் கேட்டேன். “அது பசையக்கா எழுதினது சார். மூணாவது மாடி. போய்ப் பாருங்க, கடிக்க மாட்டாங்க” என்றார்.

2

மூன்றாவது மாடிக்குப் போய்ப் பசையக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘தீவு என்பது நான்கு பக்கமும் நீரால்’ (பள்ளிக்கூடப் புத்தகம். கிழித்தேன்.)

‘அவள் விரல்களில் எப்போதும் கோதுமை மாவு வாசனை’ (பசையை அவர் கோதுமை மாவில்தான் காய்ச்சுகிறார். ஆனால் அதற்கு வாசனையே கிடையாதாம். “வாசனை வந்தா அது கெட்டுப்போன பசைங்க” என்றார்.)

‘ஐந்நூறு வருஷமாக எல்லோரும் அந்தத் தீவைத் தப்பாகவே வரைந்தார்கள்.’

மூன்றாவதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதை தீவைப் பற்றியதா, அவரைப் பற்றியதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசும்போது ‘அவர்’. கதைக்குள் வந்தால் ‘அவள்’. பெயரைப் போடக் கூடாது என்று மட்டும் நிபந்தனை வைத்தார். இந்த ‘அவள்’ விஷயத்தை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

3

பசையக்காவின் வேலை கிழிந்த வரைபடங்களை ஒட்டுவது. வெங்காயத் தோல்போல மெல்லிய காகிதத்தை நீளமாகக் கிழித்து, கிழிசலின் பின்பக்கம் பசை தடவி ஒட்டி, உறிஞ்சுதாள் வைத்து, மேலே கண்ணாடிப் பலகையும் கனமான இரும்புத் துண்டுகளும் ஏற்றிக் காயவிடுவாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம். கல்யாணம் பற்றி அலுவலகத்தில் யாராவது கேட்டால், “இங்க ஒட்டுறதே முடியலை” என்பாள். அதோடு கேள்வி நின்றுவிடும்.

கண்காட்சிக்காக அந்த ஆறு வரைபடங்களும் அவள் மேஜைக்கு வந்தன. முதலாவதில் தீவு பாதி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. வரைந்தவன் கரையில் கால் வைக்கவே இல்லை, கப்பலிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. இரண்டாவதை வரைந்தவன் தீவின் நடுவில் ஒரு ஏரியைப் போட்டான். அப்படி ஓர் ஏரி கிடையாது. மூன்றாவது ஆள் அதைப் பார்த்து எழுதி, ஏரிக்கு ஒரு பெயரும் வைத்து, இரண்டு படகும் மிதக்கவிட்டான். நூற்றைம்பது வருஷம் இல்லாத ஏரி இருந்தது. நான்காவது ஆள்தான் சங்கிலி பிடித்து அளந்தான். ஏரி போய்விட்டது. தீவு, படுத்திருக்கும் கன்றுக்குட்டி வடிவத்துக்கு வந்தது. ஐந்தாவது, துறைமுகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது. ஆறாவது வானத்திலிருந்து எடுத்த படம், முப்பது வருஷத்துக்கு முந்தையது.

மற்ற ஐந்தும் அவளுக்கு வேலை. ஆறாவது வேறு. பதினோரு வருஷமாக, மதியச் சாப்பாடு முடிந்ததும், உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு அதன் அலமாரிக்குப் போவாள். கன்றுக்குட்டியின் காதுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கூரை. பக்கத்தில் வெள்ளையாக ஒரு திடல். பள்ளிக்கூடம். அங்கேதான் அவள் தங்கை பாடம் நடத்துகிறாள். படம் எடுத்தபோது தங்கைக்கு ஆறு வயது, அங்கே இருந்திருக்கவே முடியாது. அது பசையக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் பார்ப்பாள்.

(இந்த இடத்தில் கண்ணீர் ஒரு சொட்டு வைத்திருந்தேன். “வரைபடத்து மேல கண்ணீரா? வேலையை விட்டே தூக்கிடுவாங்க” என்று அடித்துவிட்டார்.)

4

தங்கை வேலை கிடைத்துத் தீவுக்குப் போனாள், அங்கேயே ஒரு படகு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். வீட்டில் அவளைச் ‘சின்னது’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போய்க்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் அப்பா விழுந்துவிட்டார். அன்றைக்கே தகவல் சொன்னாள் அக்கா. மறுநாள் காலை தங்கை ஃபோனில் வந்தாள்.

“அக்கா, காத்து எழும்பிடுச்சு. படகு எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“இங்க வெயில் கொளுத்துதுடி.”

“இங்கயும் வெயில்தான். கடல்தான் சரியில்ல.”

அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கடுத்த நாளும். அப்பா கண் திறக்கும்போதெல்லாம், “சின்னது வந்துட்டாளா?” என்று கேட்டார். வந்துக்கிட்டே இருக்கா, வந்துக்கிட்டே இருக்கா என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு நாக்கு வறண்டது. ஆறாவது நாள் கேட்பதும் நின்றுவிட்டது.

பத்தாவது நாள் தங்கை வந்து வாசலில் நின்றாள். எல்லாம் முடிந்திருந்தது. கையில் பை, உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. பசையக்கா கதவை விட்டு நகரவில்லை.

“ஒன்பது நாள் படகு இல்லைன்னு யாருக்குடி கதை சொல்றே? ஒரு பொட்டு மழை இல்ல. வர மனசில்லைன்னு சொல்லிட்டுப் போ.”

தங்கை பையை இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“இனிமே படகு இருந்தாலும் வராதே.”

தங்கை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, திரும்பிப் போய்விட்டாள். தெருமுனை வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றதாகப் பசையக்கா சொன்னார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும் தூரம்தானாம்.

5

இதை மெதுவாக எழுதவேண்டும். அவர் இதை எனக்குச் சொன்னதும் மெதுவாகத்தான்.

ஐந்தாவது வரைபடத்தின் ஓரம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். பிரிவு அதிகாரி பார்த்துவிட்டு, “அழுக்கா தெரியுது. அழிச்சிடுங்க” என்று சொல்லிப் போனார். அவள் ரப்பர்த் தூளைத் தூவி, விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். வலது கீழ் மூலையில் இரண்டு வரி போயிற்று. மூன்றாவது வரிக்கு வரும்போது கை தானாக நின்றது.

‘நவம்பர் 11 முதல் 19. ஒன்பது நாள் படகு இல்லை. மழை இல்லை, வானம் தெளிவு. கரையில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள்.’

அதற்கு மேலே முந்தைய வருஷம்: எட்டு நாள். அதற்கும் மேலே: பதினொரு நாள், டாக்டரைக் கூட்டிவர முடியவில்லை. யாரோ ஒரு துறைமுகக் காவலன் வருஷா வருஷம் எழுதி வைத்திருக்கிறான். வேறு காகிதம் கிடைக்கவில்லையோ, படம் இருக்கும்வரை இதுவும் இருக்கட்டும் என்று நினைத்தானோ.

அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து போய்க் கழுவினாள். இரண்டு வருஷத்து நவம்பரை ஏற்கனவே தேய்த்து எடுத்திருந்தாள். அந்தத் தூளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து இழுப்பறையில் வைத்தாள்.

6

பிரிவு அதிகாரியை நான் முதல் பிரதியில் வில்லனாக்கியிருந்தேன். தடித்த கண்ணாடி, மேஜை தட்டல், எல்லாம் உண்டு. படித்துவிட்டு, “அவர் அப்படிப்பட்டவர் இல்லீங்க. பாவம், மூலத்துக்காரர், உக்காரவே சிரமப்படுவார்” என்றார் பசையக்கா. ஆகவே திருத்தி எழுதுகிறேன்.

அதிகாரி குறிப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

“அழிக்கலையா?”

“இல்ல சார்.”

“சரி, இருக்கட்டும். ஆனா ‘எழுதியிருப்பது உண்மை’ன்னு போட்டிருக்கீங்களே. ஆதாரம் வேணுமில்ல? யார் சொன்னது?”

“என் தங்கச்சி.”

“எப்போ?”

“பதினோரு வருஷம் முன்னாடி.”

அவர் அட்டையை இன்னொரு தடவை படித்தார். பிறகு அதன் மூலையில் கையெழுத்துப் போட்டு, மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

7

கண்காட்சி திறந்த அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, மூன்றாவது மாடித் தொலைபேசியில் தங்கை வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மாறியிருக்கும் என்று ஒரு பயம். மாறியிருக்காது என்று அதைவிடப் பெரிய பயம்.

எடுத்தது ஒரு சின்னப் பெண் குரல். சின்னதுக்கு ஒன்பது வயதில் இருந்த அதே குரல்.

“அம்மா கொடியில காயுற துணி எடுக்கப் போயிருக்காங்க. நீங்க யாரு?”

சின்னதுக்கு ஒரு மகள் இருப்பதே அந்தக் கணம்தான் தெரிந்தது.

“நான்... உங்க அம்மாவோட அக்கா.”

“பெரியம்மாவா? மேப் ஒட்டுவாங்களே, அவங்களா?”

பசையக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அப்படியென்றால் அந்த வீட்டில் தன்னைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, நல்லவிதமாக.

“அவங்கதான்.”

“அம்மாவைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்மா. படகு என்னிக்கு வருதுன்னு மட்டும் சொல்லு.”

“செவ்வாய், வெள்ளி” என்றது குழந்தை. கொஞ்சம் யோசித்து, “காத்து இல்லேன்னா” என்றது.

8

முடிவு எழுத இரண்டு தடவை முயன்றேன். ஒன்றில் தங்கை துறையில் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் துறையில் யாருமே இல்லை. அக்கா அதே படகில் திரும்புகிறாள். இரண்டையும் பசையக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் அவர் தீவுக்குப் போய்விட்டு வந்திருந்தார். பன்னிரண்டு நாள். மூக்கு நுனி வெயிலில் உரிந்திருந்தது.

படித்துவிட்டுத் தாள்களை அடுக்கித் திருப்பித் தந்தார்.

“ரெண்டும் இல்லீங்க.”

“அப்ப என்னதான் நடந்தது?”

“சொல்ல மாட்டேன். கோவிச்சுக்காதீங்க. பதினோரு வருஷம் எங்களுக்குள்ள எதுவுமே இல்லாமப் போச்சு. இப்பத்தான் ஒண்ணு வந்திருக்கு. அதையும் உங்க கதையில கொண்டுபோய்ப் போட்டுட்டா எப்படி?”

எனக்குக் கோபம்தான். எழுதுகிறவனிடம் இப்படி ஒரு வார்த்தை. ஆனால் படிகளில் இறங்கும்போது யோசித்தேன். எனக்கும் போன் செய்யாத ஓர் எண் இருக்கிறது. (அது இந்தக் கதையில் வராது.)

ஆகவே, அந்தக் கடல் பயணத்தில் எனக்குச் சொல்லப்பட்ட தூரம் வரை சொல்லி நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை. காற்று இல்லை. நான்கு மணி நேரப் பயணம். அவளுக்கு இரண்டு தடவை குமட்டியது. எத்தனையோ வருஷம் விரலால் சுற்றி வந்த கரை, முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு பச்சையானது, பிறகு அதில் ஆட்கள் முளைத்தார்கள். இயந்திரத்தை நிறுத்தினார்கள். படகுக்காரர் கயிற்றைச் சுருட்டித் துறையை நோக்கி வீசினார். அங்கே நின்றிருந்தவர்களில் ஒருவர் முன்னால் வந்து அதைப் பிடித்தார். பிடித்தவர்

(இதற்குமேல் உங்கள் கையில்.)