திருகின் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு

ஸ்பீக்கரின் கம்பிச் சுருளான காயில் கருகிய வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தக் கார் கடைக்குள் வந்து நின்று டிக்கி திறந்ததுமே தங்கைக்குத் தெரிந்துவிட்டது, பாட்டின் அடியை அதிரவைக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் இரண்டாவது தடவையும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று.

கார் அண்ணியின் தம்பியுடையது. கார்களுக்குப் பாட்டு சிஸ்டம் பொருத்தும் அந்தக் கடை அண்ணனுடையது. வயரிங் வேலை முழுக்கத் தங்கையுடையது. ஆகவே பழி யார் தலையில் விழும் என்று சோசியம் பார்க்க வேண்டியதில்லை.

"ஒரே வண்டிக்கு ரெண்டு தடவை! என் மானமே போகுது," என்றான் அண்ணன். "இன்னொண்ணு கருகிச்சுன்னா நீ இந்த மேஜைய விட்டுடு. முன்னாடி உக்காந்து சீட் கவர் வித்தா போதும்."

சீட் கவர் விற்ற காலம் அவளுக்கு மறக்கவில்லை. கறுப்பா பழுப்பா, கறுப்பா பழுப்பா என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டுபோன காலம் அது. அங்கிருந்து இந்த மேஜைக்கு வர அண்ணனோடு அவள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. திரும்பிப் போவதாக அவளுக்கு உத்தேசமே இல்லை.

"இந்த ஆம்ப்ளிஃபையர் சின்னது. அதான் வினை," என்றாள்.

"சின்னது போட்டா எப்படிக் கருகும்? பெருசு போட்டாதான் கருகும்."

அண்ணனை மட்டும் குறை சொல்வானேன், பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுவதுபோல, அவ்வளவு பெரிய சப்வூஃபருக்கு ஒரு நோஞ்சான் ஆம்ப்ளிஃபையரை மாட்டிவிடுவார்கள். சத்தம் போதவில்லை என்று அதன் ஒலியை ஏற்றும் கெயின் திருகைக் கோடிவரை முறுக்குவார்கள். அது தன் சக்திக்கு மீறிக் கத்தும்போது வெளியே வருவது பாட்டுமல்ல, இடியுமல்ல, காயிலைப் பொசுக்கும் சூடுதான். ஆனால் அவள் இரண்டு தடவையும் திருகை அளந்துதான் வைத்திருந்தாள். யாரோ கைவைத்திருக்கிறார்கள். காரின் சொந்தக்காரன் மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

மூன்றாவது சப்வூஃபருக்கு அவள் விடாப்பிடியாக நின்று பெரிய ஆம்ப்ளிஃபையரையே எடுத்தாள்.

"இந்த ஸ்பீக்கர்ல ரெண்டு காயில். ஒவ்வொண்ணுக்கும் மின்தடை நாலு ஓம். சேர்த்தா ரெண்டு ஓம்," என்றாள்.

"நாலும் நாலும் ரெண்டா? எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?"

"வரிசையா கோத்தா எட்டு. பக்கம் பக்கமா சேர்த்தா ரெண்டு. ரெண்டு ஓமுக்கு இந்த ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு தருதோ, அவ்வளவுதான் ஸ்பீக்கரும் தாங்கும். இப்பதான் ஜோடிப் பொருத்தம் சரியா இருக்கு."

பேட்டரியிலிருந்து விரல் தடிமனில் புது வயர் இழுத்தாள். சோதனை ஒலியை ஓடவிட்டு, மீட்டரைப் பிடித்துக்கொண்டு, கெயின் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நிறுத்தினாள். பிறகு அண்ணன் முன்பக்கம் போன சமயம் பார்த்து, தன் கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்தாள். அது காயும்வரை டிக்கியை மூடவில்லை.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதே கார், அதே வாசனை.

"பெருசு போட்டா கருகும்னு சொன்னேனா இல்லையா?" அண்ணன் கூரை அதிரக் கத்தினான். "எழுந்திரு. இன்னையோட இந்த மேஜை வேற ஆளுக்கு."

அவளுக்குப் பயம்தான், அதை மறைப்பானேன். ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நேரே டிக்கிக்குள் தலையை விட்டாள். சிவப்புப் பொட்டு நடுவில் விண்டு கிடந்தது. திருகு வலது கோடியில் நின்றது.

"இதைத் திருகினது யாரு?" அண்ணியின் தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"எந்தத் திருகு?" அவன் பேந்தப் பேந்த விழித்தான். அந்த முழி நடிப்பாகத் தெரியவில்லை.

"வண்டி குலுங்கினதுல தானா திரும்பியிருக்கும். தள்ளு, நான் சரி பண்றேன்." அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை உருவினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஸ்க்ரூடிரைவரின் நுனியில் சிவப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணியின் தம்பிதான் ஒன்றும் புரியாமல் போட்டு உடைத்தான்: "ஏன், அது மாமாதானே? பாட்டுல அடி பத்தலைன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மாமாதான் வீட்டு வாசல்லயே கொஞ்சம் ஏத்தி விட்டார்."

அண்ணன் முகம் தொங்கிப்போனது. "மச்சான் வாய்விட்டுக் கேட்டான். இல்லைன்னு எப்படிச் சொல்றது..."

"அவர்கிட்ட நல்ல பேர் எடுக்க என் பேரைக் கெடுத்திருக்கே," என்றாள். "மூணு தடவை திட்டினியே அண்ணா, ஒரு தடவைகூட உறுத்தலையா?"

அவள் ஸ்க்ரூடிரைவரை அவன் விரல்களிலிருந்து உருவி, மேஜைக்கு மேலே தன் கருவிகள் தொங்கும் பலகையில் மாட்டினாள்.

"இது இனிமே இங்கதான் இருக்கும்."

முன்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். "சீட் கவர் இருக்குங்களா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் கருகிய சப்வூஃபரைக் கழற்றக் குனிந்துவிட்டாள். அவன் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தான்.

"இருக்குங்க," என்று அவன் குரல் கேட்டது. "கறுப்பா, பழுப்பா?"