வர வேண்டாத காலேஜ்

எங்க பொண்ணு செந்தமிழ்ச்செல்விக்குப் புத்தி மெதுவாகத்தான் ஏறும். மற்ற பிள்ளைகள் ஒரு நாளில் படிப்பதற்கு இவளுக்கு ஒரு மாதம் ஆகும். ஆனால் படித்ததை மறக்க மாட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் எழுத்துக் கூட்டக் கற்றேன். பிளஸ் டூ தேறியதும் காலேஜுக்குப் போகணும் என்று ஒரே பிடியாக நின்றாள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் இலக்கியம் கிடைத்தது. சேர்க்கப் போன அன்று துறைத்தலைவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"பாப்பா தினமும் வந்து கஷ்டப்பட வேணாங்க. அட்டெண்டன்ஸ் நாங்க போட்டுக்கறோம். பரீட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வாங்க."

நான் தட்டாஞ்சாவடியில் தகர டப்பா கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். வேலைக்கு வராமலே அட்டெண்டன்ஸ் விழுவது அங்கே சூப்பர்வைசரின் மச்சானுக்கு மட்டும்தான். அந்தச் சலுகை என் மகளுக்குமா என்று நெஞ்சு நிறைந்து போச்சு. எழுந்து நின்று கும்பிட்டேன். வரும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

என் வீட்டுக்காரி கமலவேணி பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"உன் பொண்ணைச் சேக்கலய்யா. அவ பேரைச் சேத்துக்கிட்டானுங்க. இதுக்கு ஒரு கும்புடு வேற."

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் மூணு பேருமாகப் போனோம். கடைசி பெஞ்சில் ஓரமாக இருந்துக்கட்டும், அவங்க அம்மா வராந்தாவில் காத்திருப்பாள் என்று கெஞ்சினேன். வகுப்பு கெடும், மற்ற பெற்றோர் எங்களைத்தான் கேட்பார்கள் என்றார் துறைத்தலைவர். வந்துதான் ஆகணும் என்றால் டி.சி.யை வாங்கிக்கொண்டு வேற காலேஜ் பாருங்கள் என்று முடித்துவிட்டார். வேற காலேஜ் எது எங்களுக்கு? வெளியே வந்தால், மகள் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எந்த பெஞ்சுப்பா என்னுது?"

கமலவேணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

புகார் கொடுக்கப் போன இடத்தில், சீட்டுதான் கொடுத்துவிட்டார்களே, அப்புறம் என்ன புகார் என்றார்கள். கொண்டுபோன மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். டி.சி.யைத் திரும்ப வாங்கவும் மனசு வரவில்லை. பேராவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தினமும் காலையில் மகள் தலை வாரி, துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்திக்கொண்டு நிற்கிறாள். இன்னிக்கு லீவு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். நேற்று நான் வேலைக்குக் கிளம்பும்போது சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க கம்பெனிக்கு மட்டும் ஏம்பா லீவே இல்ல?"

கம்பெனிக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.