இன்வர்ட் எண் 4417

எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ரவுட்டர், அங்கே பதில் போடாத கடிதம் ஒன்று மிச்சம் இருக்கிறவரை இணையத்தை உள்ளே விடுவதில்லை என்று இருபத்திரண்டு நாள் பிடிவாதமாக இருந்தது. இணையத்தின் மேல் குறை சொல்வதற்கில்லை. அது தினமும் காலை ஒன்பதரைக்கெல்லாம் வந்து வாசலில் கிடந்த கயிற்று மிதியடியில் நின்றது. நெட் கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியன் தன் மடிக்கணினியை மிதியடியின் வெளி ஓரத்தில் வைத்தபோது படம், பாட்டு, வானிலை எல்லாம் தண்ணீராய் ஓடின. நான்கு விரல் உள்ளே தள்ளியதும் அத்தனையும் நின்றன. தள்ளியும் இழுத்தும் பார்த்துவிட்டு, அவன் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் நெட் இருந்தது, எதிரே சைக்கிள் ரிப்பேர் கடையில் இருந்தது, மாடியில் பல் டாக்டரின் கழிவறையில்கூட இருந்தது. "கேபிள் சரி, பெட்டி சரி, கரண்ட் சரி. உங்க ஆபீஸ்தான் சரியில்ல" என்று சொல்லி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த அலுவலகத்தில் ஏழு பேர். தபால் பிரிவைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் தபாலக்கா என்றே கூப்பிட்டார்கள். மேலாளர் அவளைவிட நான்கு வயது மூத்தவர், அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். வெளியிலிருந்து எது வந்தாலும் அவள் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வந்ததும் ஊதா மையில் ஒரு முத்திரை, பக்கத்தில் இன்வர்ட் எண், பிறகு நீளப் பதிவேட்டில் ஒரு வரி. அதற்குப் பதில் போய், எதிர்க் கட்டத்தில் அவுட்வர்ட் எண் ஏறும்வரை அந்தத் தபாலை யாரும் கோப்பில் கட்டக்கூடாது. ஊருக்கே தெரிந்த வழக்கம் இது. வீட்டு வரி அலுவலகமும் மின் அலுவலகமும் கடிதங்களைத் தின்று ஏப்பம் விட்டபோதும், எடைக்கல் அலுவலகம் பதில் போட்டது. செவ்வாய்க்கிழமை மட்டும் என் தராசு இரண்டு கிராம் கூடக் காட்டுகிறது என்று எழுதிய மளிகைக்காரருக்குப் பதில் போனது. தூங்கும்போது மனிதன் கனம் கூடுவானா குறைவானா என்று கேட்ட கட்டில் வியாபாரிக்கும் போனது. இருபத்தாறு வருடமாக அந்தப் பதிவேட்டில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டதில் தபாலக்காவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ரவுட்டர் பதிவுத் தபாலில் தட்டையான உறை ஒன்றில் வந்தது. தபாலக்கா அப்போது கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் தலைமேலேயே இருந்தது. உறையைக் கிழித்த கையோடு, உள்ளே இருந்ததன் அடிவயிற்றில் முத்திரையை ஒரு குத்து குத்தி, 4417 என்று எண் போட்டு, பதிவேட்டில் 'பதில் தேவை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டாள். எல்லாம் கைப்பழக்கம். தபாலாகப் பதிவான பொருள் தபால்களின் பக்கம் நிற்காமல் வேறு எந்தப் பக்கம் நிற்கும்?

இதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது: மாதக் கடைசிக்குள் இணையத்தில் சேராத கிளைகள் மூடப்படும், ஊழியர்கள் காலி இருக்கிற இடங்களுக்கு அனுப்பப்படுவார்கள். டைப்பிஸ்டுக்குக் கைக்குழந்தை. தராசுகளைச் சோதிக்கிற தராசுக்காரருக்கு ஓய்வுபெற இன்னும் பத்து மாதம்தான் இருந்தது. அவர்தான் வெறுப்பில் ரவுட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து முத்திரையைப் பார்த்தார். "அந்த வரிய அடிச்சுடுங்கக்கா, தொல்லை விட்டுது" என்றார் மேலாளர். தபாலக்காவுக்கு மனமே இல்லை. பதிவேட்டில் அடித்தல் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். ஆனாலும் அடித்தாள். தேநீர் வருவதற்குள் கோடு மறைந்து, எழுத்து பழையபடி பளிச்சென்று நின்றது. சிவப்பு மையில் அடித்தாள்; அது பாதித் தேநீர் குடிப்பதற்குள் மறைந்துவிட்டது.

பதில்தான் போட்டுப் பார்க்கலாமே என்று டைப்பிஸ்ட் விளையாட்டாகச் சொன்னாள். மேலாளர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 'தங்கள் வருகை இவ்வலுவலகத்தில் மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று தட்டச்சு செய்து, அவுட்வர்ட் எண் போட்டு, மடித்து ரவுட்டருக்கு அடியில் வைத்தார்கள். அதன் ஐந்து விளக்குகளில் ஒன்று பச்சையானது. மறுநாள் காலை கணினியைத் திறந்தபோது, எந்த முகவரியைத் தட்டினாலும் திரையில் ஒரு பழைய கடிதம் வந்து நின்றது. கோடு போட்ட தாள், ஓரத்தில் எண்ணெய்க் கறை, யாரோ ஒரு பழ வியாபாரியின் கையெழுத்து. அது ஆறு வருடமாகத் தராசுக்காரரின் இழுப்பறையில் கிடந்தது. அவர் முகம் செத்துப்போனது. "எழுதணும்னுதான் எடுத்து வெச்சேன்..." என்று இழுத்தார். தபாலக்கா அவரைப் பார்த்த பார்வையில் அன்று அவர் சாப்பாட்டுக்கே எழுந்திருக்கவில்லை. பிறகு மேலாளரின் இழுப்பறையிலிருந்தது ஒன்று வந்தது. டைப்பிஸ்ட், காவலாளி, ஒருவர் பாக்கியில்லை. இவர்களெல்லாம் தபாலக்காவிடம் பதில் போய்விட்டதாகச் சொல்லி எண் வாங்கியவர்கள். மொத்தம் பதினான்கு கடிதங்கள். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் பத்து நாள் உட்கார்ந்து எழுதினார்கள். பழ வியாபாரி இறந்துபோயிருந்தார். அவர் மருமகளுக்கு எழுதினார்கள். நான்கு விளக்குகள் பச்சையாயின. ஐந்தாவது, உலக உருண்டைப் படம் போட்டது, ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

இருபதாம் நாள் திரை வெள்ளையாக வந்தது. நடுவில் 2206 என்ற எண் மட்டும், பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதியோடு. மேலாளர் அந்த வருடப் பதிவேட்டைத் தூசு தட்டி எடுத்தார். அந்த வரியில் அனுப்பியவர் என்ற இடத்தில் 'சொந்த விஷயம்' என்று இருந்தது. பதில் கட்டம் காலி. கையெழுத்து தபாலக்காவுடையது. ஆறு பேரும் அவள் மேசைப் பக்கம் திரும்பினார்கள். அவள் முத்திரைக் கட்டைக்கு மை தொட்டுக்கொண்டிருந்தாள், குத்துவதற்கு எதிரே எதுவும் இல்லை. பத்து நாளாக அவள் அவர்களைப் பார்த்த பார்வையை அவர்கள் அவளுக்குத் திருப்பித் தந்திருக்கலாம், தரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தக் கடிதத்தை எழுதியது அவள் தங்கை. வீட்டில் வேண்டாம் என்று சொன்னவரைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பகல் ரயிலில் போகிற தூரத்துக்குத் தங்கை போய்விட்டாள். போன ஒரு வாரத்தில், கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் போட்டோவிலிருந்து தபாலக்கா கத்தரிக்கோலால் தங்கையை மட்டும் வெட்டி எடுத்தாள். மூன்று வருடம் கழித்துத் தங்கை குழந்தையோடு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே சுவரைப் பார்த்துவிட்டாள். அப்பா, அம்மா, அக்கா, நடுவில் ஆள் உயர ஓட்டை. "என்னை வெட்டி எறிஞ்சிட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அந்தக் கேள்வி கொஞ்சம் மெதுவாக வந்திருந்தால் பதிலும் வேறாக வந்திருக்கும். தபாலக்காவுக்கு வீம்பு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "ஆமா, எறிஞ்சிட்டேன்" என்றாள். தங்கை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். பிறகு அவள் போன் செய்தால் இவள் எடுக்கவில்லை. வீட்டுக்குக் கடிதம் போட்டால் பிரிக்காமல் திருப்பினாள். தங்கை சாமர்த்தியசாலி. அலுவலக முகவரிக்கு எழுதினாள்: "ஏன்க்கா வெட்டின? அது மட்டும் சொல்லு. உங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் பதில் போடுவீங்களே." தபாலக்கா அதற்கும் ஊதா முத்திரை குத்தினாள், எண் போட்டாள். பதில் கட்டத்தருகே பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள், அப்படியே பதினோரு வருடம் போய்விட்டது.

இருபத்தோராம் நாள் அவள் கூச்சத்தை விட்டுப் பதில் எழுதினாள், ஆனால் அலுவலக பாஷையில்: 'தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் பின்னர்.' அவுட்வர்ட் எண் எழுதிய நொடியில் ரவுட்டரின் நான்காவது விளக்கு அணைந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, போட்டோவைக் கரையான் அரித்ததால் வெட்ட வேண்டியதாயிற்று என்று வேறொன்று எழுதினாள். மீதி மூன்றும் போயின. கூடவே மின்விசிறியும் நின்றது. "ஐயோ, இருந்ததும் போச்சேக்கா!" என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். டைப்பிஸ்ட் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, எங்க எல்லாரையும் எங்கயாவது தூக்கிப் போடட்டும், பரவாயில்ல. நீங்க இப்படிக் கஷ்டப்பட வேணாம்" என்றாள். அவள் குழந்தை வீட்டில் இருமிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். தபாலக்கா அன்று அழுதாள், இருபத்தாறு வருடத்தில் அந்த மேசை அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை வந்ததும் பர்ஸைத் திறந்தாள். அதன் உள் அறையில், பஸ் பாஸுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில் தங்கை இருந்தாள்: பதினெட்டு வயது, இரட்டைப் பின்னல், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். தோளின் மேல் ஒரு கை. மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கை, தபாலக்காவுடையது. கூடத்துப் போட்டோவில் அக்கா பதினான்கு வருடமாக ஒரு கை இல்லாமல்தான் நிற்கிறாள். வந்து பார்த்த யாரும் அதைக் கவனித்ததில்லை. அந்தத் துண்டைத் தராசுக்காரர் கையில் வாங்கிப் பார்த்தார். தொழில் பழக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நுண்தராசில் வைத்தார். முள் முப்பத்தெட்டு கிலோ காட்டியது. அவர் அதை இரு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

தபாலக்கா பேசுகிற மாதிரியே எழுதினாள்: "வெட்டினது நான்தான். எறியல. நீ போனதுக்கப்புறம் தினமும் கூடத்துல நின்னு உன் போட்டோவப் பாத்தா அப்பா திட்டினாரு, அதனால பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன். நீ வந்து கத்தினப்பவும் பர்ஸ் என் கையிலதான் இருந்தது. உன் தோள்ல இருந்த என் கையும் சேந்து வந்துடுச்சு, அத மட்டும் தனியா வெட்ட மனசு வரல. அப்பவே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது." அவுட்வர்ட் எண் போட்டாள், முத்திரை குத்தினாள். தபால் பையில் போடச் சொல்லிக் காவலாளியிடம் கொடுக்காமல், தெருமுனைப் பெட்டிக்குத் தானே நடந்தாள். கடிதம் உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது, டெக்னீஷியன் போட்ட சாக்பீஸ் கோடு வாசலில் இல்லை. உள்ளே மின்விசிறி சுற்றியது, ஐந்து விளக்குகளும் பச்சை. டைப்பிஸ்ட் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அதில் தாமதத்துக்குக் காரணம் 'நிலுவைத் தபால்' என்று எழுதினார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

எட்டாம் நாள் தங்கையின் பதில் வந்தது. தபால்காரர் கொண்டுவரவில்லை, காலையில் அலுவலகத்தைத் திறந்தபோது ரவுட்டருக்கு அடியில், இளஞ்சூட்டோடு, ஒட்டின பசைகூடக் காயாமல் இருந்தது. "அன்னைக்கு என் ஓட்டையத்தான் பாத்தேன். உனக்குக் கை இல்லாதத நான் பாக்கலக்கா" என்று இருந்தது. தபாலக்கா அதற்கும் இன்வர்ட் எண் போட்டு, 'பதில் தேவை' கட்டத்தில் டிக் அடித்து, அன்றே பதில் எழுதினாள். அடுத்த வருடம் தங்கை குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கிப் போனாள். தராசுக்காரர் ஓய்வுபெற்றார், டைப்பிஸ்டின் குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்தது, ரவுட்டர் இரண்டு முறை மாற்றப்பட்டது. புதிய பெட்டி எது வந்தாலும் தபாலக்கா அதன் அடிவயிற்றில் முத்திரை குத்திய பிறகே மாட்டுகிறார்கள். மற்ற கிளைகளைவிட இங்கே நெட் வேகம் என்று டெக்னீஷியனே சொல்கிறான். என்றைக்காவது பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றால், யாரும் கம்பெனிக்குப் போன் செய்வதில்லை. "அக்கா, தங்கச்சிக்கு எழுதிட்டீங்களா?" என்று டைப்பிஸ்ட் குரல் கொடுப்பாள். தபாலக்கா தலைமேல் இருக்கிற கண்ணாடியைத் தேட ஆரம்பிப்பாள்.