கண்மாய்க்குள் இறங்கிய கல்யாணக் கப்பல்

இப்போதெல்லாம் ஊர் எது என்று கேட்டால் ஒருத்தனும் நேராகச் சொல்வதில்லை. "அந்தப் பக்கம்" என்று கையை ஆட்டிவிட்டு நழுவுகிறான். யுத்தம் வந்தபிறகு இது இன்னும் மோசம்.

போன பங்குனியில் அன்னவாசலில் எங்கள் கண்மாய்க்குள் ஒரு கப்பல் வந்து உட்கார்ந்தது. வற்றிய கண்மாய். பகலில் மேகத்துக்குள்ளிருந்து இறங்கியது என்றார்கள். நான் பார்க்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தபோது நாலு வைக்கோல்போரைச் சேர்த்து வைத்தமாதிரி பளபளவென்று கிடந்தது. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர், பெண்டு பிள்ளைகளோடு. முகமெல்லாம் கொஞ்சம் நீலம். பயணக் களைப்பாக இருக்கும்.

நாங்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எங்களைப்போலவே பேசினார்கள். அப்படியென்றால் நம் பக்கத்து ஆட்கள்தானே? அவர்களில் பெரியவரைக் கேட்டேன்.

"எந்தூருங்க?"

"மேலேயிருந்து வாரோம்."

எங்களுக்கு மேலே என்றால் மேற்கு. மேலத்தெரு, மேலவயல், எல்லாம் அப்படித்தான்.

"பொன்னமராவதியா?"

"இன்னும் மேலே."

"கொட்டாம்பட்டியா?"

"அதுக்கும் மேலேங்க."

என் மதினி செங்கமலம் சிரித்தாள். "அவரு வானத்தைக் காட்டுறாரு கொழுந்தனாரே! நீங்க கொட்டாம்பட்டியிலயே நிக்கிறீங்க."

பெரியவர் விவரம் சொன்னார். மகள் கல்யாணத்துக்குப் போகிற கப்பலாம். நட்சத்திரக்காரர்களுக்குள் சண்டையாம். குண்டுக்குத் தப்பி ஓடியதில் திசை காட்டும் கருவி கருகிவிட்டதாம். மாப்பிள்ளை ஊர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அன்றைக்கே கிளம்பாவிட்டால் முகூர்த்தம் தப்பிவிடும். கப்பலோடு செத்துப்போய்விட்டார்கள் என்று அங்கே தலைமுழுகிவிடுவார்கள்.

கல்யாணப்பெண் அழுதாள். செங்கமலம் விடுவாளா? தலைவாரிக் கனகாம்பரம் வைத்தாள், நலங்கு வைத்தாள். பெயரைக் கேட்டால் தும்மல்மாதிரி ஏதோ வந்தது. "இது வாயில நுழையாது. சொர்ணம்னு வச்சுக்குவோம்" என்றாள். அழுத பெண் சிரித்துவிட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் கம்பங்கூழ். குடித்துவிட்டு இன்னும் கொண்டாருங்க என்றார்கள்.

இருட்டத் தொடங்கியது. கப்பல் ஆட்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு வான உச்சியையே துழாவினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"மேலே போகணும்னா மேலே பாருங்க! உச்சியில என்ன இருக்கு? அந்தா, அந்த ரெட்டைப் பனைக்கு அங்கிட்டு. அதுதான் மேலே."

பார்த்தார். பனைகளுக்கு நடுவில் தரையைத் தொடுகிறமாதிரி ஒரு சிவந்த நட்சத்திரம், மறையப் போகிற நேரம்.

"அதுதான்! மாப்பிள்ளை ஊரு அதுதான்!" என்று குதித்தார்.

பெண்கள் குலவை போட்டார்கள். எல்லோரும் கப்பலுக்கு ஓடினார்கள். கல்யாணப்பெண் மட்டும் திரும்பி வந்து என் காலைத் தொட்டாள்.

"பெரியப்பா, நீங்க காட்டலைன்னா..."

"போ ஆத்தா, நேரமாகுது. புள்ள பொறந்தா, பொன்னமராவதிச் சந்தைக்கு வர்ற ஆளுககிட்டச் சொல்லி அனுப்பு."

கப்பல் புழுதியைக் கிளப்பி எழும்பியது. பனைக்கு மேலாகச் சாய்ந்து நேராகப் போனது. ஊரே கைதட்டியது.

"இப்பவாச்சும் நம்புறீங்களா?" என்றாள் செங்கமலம்.

"மேக்கதானே போச்சு?" என்றேன்.

யுத்த காலத்தில் யார் யாரிடமோ ஏரோப்ளேன் இருக்கிறது. பொன்னமராவதிப் பக்கம் பணக்காரர்களுக்கா பஞ்சம்? எல்லோரும் வாயைப் பிளந்து நிற்க, நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.