இரண்டாவது லென்ஸ்

கண் ஆஸ்பத்திரியில் அக்கா சொட்டு மருந்து மேசைக்கு மாற்றப்பட்டுப் பதினேழு நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினொரு வருஷம் அளவறையில் இருந்தவள். அந்தச் சின்ன இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்முன் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்ன இருந்ததா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் அவள் வேலை. இப்போது வரிசையில் வருகிறவர்களின் இமையைக் கீழே இழுத்துச் சொட்டு விடுகிறாள். அதற்குக் காரணமானவன் அவள் எதிரில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தான். அவளுடைய தம்பி.

"ஆடாம இருடா. இன்னும் ரெண்டு தடவ போடணும்."

"எரியுது."

"ஒன்பதாவது மாடியில தொங்கிட்டு வேல பாக்குற. ஒரு சொட்டுக்கு இந்தப் பாடா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தாங்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கண் பவர் மைனஸ் பன்னிரண்டு, எட்ட இருப்பதெல்லாம் மங்கல். லிஃப்ட் குழிக்குள் குனிந்தபோது ஒருமுறை கண்ணாடி நழுவிக் கீழே போய்த் தூளானது. அதன்பின் கெட்டி கான்டாக்ட் லென்ஸ் மாட்டினான். தூசியில் அதுவும் உறுத்தவே, கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. அளவெடுத்தவள் அக்கா. முதல் வாரம் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிறகு வலது கண்ணில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் இன்னொரு எழுத்து சாய்ந்து நிற்கத் தொடங்கியது. மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தார்கள். லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. அதன் பவர்தான் அவன் கண்ணுக்குப் பொருந்தவில்லை. அதை எடுத்துவிட்டு வேறு வைக்கவேண்டும் என்றார் டாக்டர். அளவு தப்பு என்றும் சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. அக்கா அளவெடுத்த கோப்புகளையெல்லாம் மறுபடி பார்க்கச் சொல்லிவிட்டு, அவள் நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அவ்வளவுதான். இன்று அந்த லென்ஸை எடுக்கும் ஆபரேஷனுக்காகத்தான் இந்தச் சொட்டு.

சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே கால்மணி நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடிய கண்ணுக்குள் பழைய வீடு வந்தது.

அந்த வீட்டில் தூரம் அக்காவுடையது, கிட்டம் அவனுடையது. கண்ணாடி போட்டும் அவனுக்கு எட்டத்தில் சரியாகத் தெரியாது. வாசலில் நின்று, வருவது எந்த பஸ், எதிர்வருவது டீச்சரா மாமாவா என்றெல்லாம் அவள் அவன் காதில் முணுமுணுப்பாள். "டீச்சர்டா, சிரி" என்பாள். அவன் மங்கலைப் பார்த்துச் சிரிப்பான். பதிலுக்கு அவன் கண்ணாடியைக் கழற்றி, எறும்பையோ இலையையோ மூக்கு முனைக்குக் கொண்டுவந்து, அவளால் பார்க்க முடியாததை அவளுக்குச் சொல்வான். எறும்புக்கு இடுப்பில் முடி இருக்கிறது என்பான். ஒருநாள் அவள் முகத்தை அப்படி மூன்று விரல் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உன் புருவத்துக்குள்ள ஒரு மச்சம் ஒளிஞ்சிருக்கு" என்றான். அவளுக்கே தெரியாத மச்சம். அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றாள்.

லென்ஸ் வைத்த பிறகு பஸ் பலகையை அவனே படித்துக்கொண்டான். ஆனால் அந்த மூன்று விரல் தூரம் போய்விட்டது. அங்கே இப்போது எதை வைத்தாலும் புகைதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நல்லது நடந்த பிறகு போனதைப் பற்றிப் பேசினால் நன்றி இல்லாதவன் என்பார்கள்.

"தூங்கிட்டியா?" அக்கா இரண்டாவது சொட்டை விட்டாள். வரிசை ஓய்ந்திருந்ததால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க தப்புப் பண்ணேன்னுதான் பிடிபடல" என்றாள். "உன் கோப்ப நூறு தடவ பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்பன்னா என் கண்ணுதான் சரியில்ல. கையும் சரியில்ல. இனிமே அளவு வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"தம்பிக்கே சரியா எடுக்கத் தெரியாதவ ஊருக்கு எடுத்து என்ன ஆகப்போகுது?"

அவன் கண்ணை மூடியபடியே இருந்தான். அளவெடுத்த அன்றைக்கு அளவறையில் அவள், "ரெண்டு வாரமா லென்ஸ் போடலதானே?" என்று கேட்டாள். கெட்டி லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வளைவையே மாற்றிவிடும், கழற்றி வைத்தால்தான் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அதற்குமுன் எடுக்கிற அளவு பொய் அளவு என்று ஃபோனில் அவளே விளக்கியிருந்தாள். "இல்லக்கா" என்றான். முந்தின நாள் ராத்திரிதான் கழற்றியிருந்தான். புதுக் கட்டடம், புது ஆட்கள். இரண்டு வாரம் அந்தத் தடிக் கண்ணாடியோடு போய் நின்றால் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட 'சோடாபுட்டி' அங்கேயும் ஒட்டிக்கொள்ளும். வேறெந்தக் காரணமும் இல்லை.

"அக்கா, நான் போட்டிருந்தேன்."

"எத?"

"லென்ஸ. அளவெடுக்கிறதுக்கு முந்தின நாள் வரைக்கும்."

அவள் மருந்துக் குப்பியை மூடினாள். மூடியதையே திரும்பத் திறந்து மறுபடி மூடினாள். மூன்றாவது சொட்டுக்கு நேரமாகியும் போடவில்லை.

"மத்தவங்கன்னா லென்ஸ் டப்பாவ எடுத்துட்டு வரச் சொல்லுவேன்" என்றாள். "ஈரமா இருக்கான்னு திறந்து பாப்பேன். ஈரமா இருந்தா நேத்துகூடப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். எத்தன பேர அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன். உன்கிட்ட கேக்கல."

அவன் எழுந்தான். சொட்டு மருந்தில் விரிந்திருந்த கண்பாவையில் வெளிச்சம் கொட்டியது. சுவரைத் தடவித் தடவி டாக்டர் அறைக்குப் போனான். பின்னால் அவள் செருப்புச் சத்தம் கேட்டது, ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

டாக்டர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி" என்றார். பிறகு அக்காவிடம், "அப்ப உங்க மேல தப்பில்ல" என்றார்.

"இருக்கு சார். டப்பாவ நான் பாக்கல. அதையும் எழுதிக்கோங்க."

டாக்டர் எழுதினார். "சரி. நாளையிலேர்ந்து உங்க அறைக்குப் போங்க. புது லென்ஸுக்கு ஒரு வாரம் கழிச்சு இவருக்குத் திரும்ப அளவு பாக்கணும். அதையும் நீங்களே பாத்துடுங்க."

"மத்தவங்கள பாக்குறேன் சார். இவன வேற யாராவது பாக்கட்டும்" என்றாள் அக்கா. "இவன் சொன்னா நான் நம்பிடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வெளியே வந்து அவனை உட்காரவைத்து, மூன்றாவது சொட்டை விட்டாள். கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றினாள். ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் கூப்பிட்டார்.

"கண்ணக் கசக்காத" என்றாள். "போ."

அவன் போனான்.