எட்டுப் பிறைகள்

குமாசி நகரத்துச் சுவாமே பட்டறைப் பேட்டையில் சுத்தியல் சத்தம் நின்றது என் ஆயுளில் ஒரே ஒருமுறைதான். அன்று கோழிகள் மிரண்டுபோய்ச் சாயங்காலம்வரை முட்டையிட்டன. சேவல் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

அடோமாக்கோவின் பட்டறை என் ரேடியேட்டர் கடைக்கு அடுத்தது. ஆட்டக்குழு நடத்தும் அப்ராகோமா அம்மாவின் வேனுக்கு அவன் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் மேலும் கீழும் உள்ள பாகங்களை ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பெல்ட், மாற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சனிக்கிழமை, பல மைல் தள்ளியிருக்கும் ஒஃபின்சோவில், அவ்வூர் ராணித்தாயின் அடக்கம். "நான் செத்தா உன் ஆளுங்க அடோவா ஆடித்தான் என்னை அனுப்பணும்" என்று அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்போதே அப்ராகோமாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். ஆட்டக்காரிகள் போவது இந்த வேனில்தான்.

குமாசியில் அந்த வேனைத் தொடாத மெக்கானிக் இல்லை. தொட்டவனெல்லாம் பெல்ட் சுற்றும் புல்லியின்மேல், எதற்கு நேராக மாட்டுவது என்று தன் அடையாளத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தான்: வெள்ளைப் பெயின்ட், மஞ்சள் பெயின்ட், எவனோ ஒருவன் பெண்டாட்டியின் நகப்பூச்சு. நகப்பூச்சுக் கோடுதான் நேராக இருந்தது. அடோமாக்கோ அதை நம்பிப் பெல்ட்டை மாட்டினான். சாவி போடுமுன் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஃபூஃபூ ஆறிக்கொண்டிருந்தது. அந்த மதியக் களி ஆறுமுன் தின்றுவிட வேண்டும் என்று, சுற்றாமல் சாவியைத் திருப்பினான்.

மாடிப்படியில் யாரோ அண்டா குண்டாக்களை உருட்டிவிட்டதுபோல ஒரு சத்தம். சுவரில் தலையாட்டிக்கொண்டிருந்த பல்லி பாதி ஆட்டத்தில் அப்படியே நின்றது. மறுநாள்தான் தலையை இறக்கியது.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் பேட்டையே கூடிவிட்டது. பிஸ்டன்கள் மோதி எட்டு வால்வுகளும் வளைந்திருந்தன. நான்கு பிஸ்டன்களின் தலையிலும் இரண்டிரண்டாகப் பிறை வடிவத் தழும்புகள், அளவெடுத்துச் செதுக்கியதுபோல.

"மாஸ்டர், அடுத்த தடவ மருதாணி வச்சுப் பாரு!" என்று ஒருவன் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள்.

அப்ராகோமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"எவன்டா இத செஞ்சது?"

"நான்தான்மா. எவனோ போட்ட கோட்ட நம்பிட்டேன். கையால சுத்திப் பாக்கல."

அவள் குனிந்து ஒரு பிறையை விரலால் தடவினாள்.

"இதுக்கு முன்னாடி இதுங்க ரெண்டும் தொட்டுக்கிட்டதே இல்லியா?"

"இல்லம்மா. பிஸ்டன் மேல வரும்போது வால்வு விலகிடும். மயிரிழதான் இடைவெளி. கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள எத்தினியோ தடவ."

"இருட்டுலயா?"

"இருட்டுலதான்மா."

"என் ஆட்டக்காரிங்க பட்டப்பகல்ல இடிச்சுக்கிறாளுங்க" என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சனிக்கிழம காலையில வண்டி நிக்கக்கூடாது, ஓடணும். இல்லன்னா செத்தவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அடோமாக்கோ யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் வால்வுகள் வந்தன. ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒன்று, கைமாறிக் கைமாறி. தழும்பின் கூர் விளிம்புகளை நானே தேய்த்து மழுக்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அடோமாக்கோ மண்ணெண்ணெய்த் துணியால் புல்லியிலிருந்த எல்லாக் கோடுகளையும் அழித்தான். அடியில், வண்டியைச் செய்தவர்கள் குத்திய சின்னப் புள்ளி தெரிந்தது. அதற்கு நேராகப் பெல்ட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்ற ஸ்பேனரைப் பிடித்தான்.

"கொஞ்சம் சத்தம் போடாதீங்கப்பா. உள்ள தட்டுதான்னு பாக்கணும்."

அப்போதுதான் சுத்தியல்கள் நின்றன. முதலில் எங்கள் சந்தில், பிறகு அடுத்த சந்தில், பிறகு பேட்டை முழுக்க. அந்த அமைதியில் ஒஃபின்சோவில் யாரோ ஃபூஃபூ இடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் மெல்லச் சுற்றினான். ஒரு சுற்று. அப்ராகோமாவின் கைகள் தாமாக மேலெழுந்து, ஒன்றையொன்று நெருங்கி, படாமல் விலகின. இன்னொரு சுற்று. எதுவும் எதையும் தொடவில்லை.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் பாடியது. வெகுநேரம்வரை யாரும் சுத்தியலை எடுக்கவில்லை.

சனிக்கிழமை நானும் அடோமாக்கோவும் அந்த வேனில் போனோம். சிவப்பும் கறுப்பும் உடுத்திய ஆட்டக்காரிகள் ராணித்தாயின் உடலைச் சுற்றி வேகமாக ஆடினார்கள், நெருங்கினார்கள், விலகினார்கள். ஒருத்திமேல் ஒருத்தி படவில்லை. அடோமாக்கோ மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் ஃபூஃபூ ஆறிக்கொண்டிருந்தது.