ஓரத்துப் பொண்ணின் தனிப்பாட்டு

பாட்டு வெளியான நேரத்தில் சின்னு முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பற்களுக்கு மெழுகு கட்டிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் சின்ன லேப் அது. ஜன்னலோரம் வரிசையாக மேசைகள், மேசைக்கொரு விளக்கு, எல்லாவற்றின் மேலும் மாவு சலித்துக் கொட்டியது போல் பிளாஸ்டர் தூசி. வேலை செய்யும்போது ஒரு காதில் பாட்டு வைத்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருந்தார். இன்னொரு காது தனக்கு வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. "கூப்பிட்டா திரும்பணும்மா, அவ்ளோதான். மத்தபடி நீ கொரியா பாட்டு கேளு, குருவி பாட்டு கேளு, எனக்கென்ன" என்பார்.

அந்தக் கொரியப் பாடகி முன்பு ஐந்து பெண்கள் இருந்த ஒரு குழுவில் இருந்தவள். மற்ற நான்கு பேரும் மாறி மாறி நடுவில் வருவார்கள். இவள் மட்டும் எப்போதும் வரிசையின் ஓரத்தில் நிற்பாள். ஒரு பாட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு வரி கிடைத்தால் அதுவே பெரிது. மற்ற நேரமெல்லாம் நான்கு குரல்களுக்கும் அடியில், பாய்க்குக் கீழே விரித்த சாக்கு மாதிரி, அவள் குரல் கிடக்கும். அவளுக்கு 'ஓரத்துப் பொண்ணு' என்று பெயர் வைத்தது சின்னுவின் அண்ணி. போன வருடம் அவள் காரணம் எதுவும் சொல்லாமல் குழுவை விட்டு விலகினாள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தவள் என்று ரசிகர்களில் பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் அவளுக்காக அழுதார்கள். இப்போது அவளுடைய முதல் தனி ஆல்பம் வந்திருந்தது.

சின்னு அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். கொரியப் பாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கென்று அவள் ஒரு பக்கம் வைத்திருந்தாள். பெரிய கூட்டமில்லை, ஆனால் வருகிறவர்கள் விடாமல் வந்தார்கள். அந்தப் பக்கத்தை ஆரம்பித்ததும் அண்ணியோடு சேர்ந்துதான். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வீட்டுக்கு வந்த புதிதில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஏதோ முணுமுணுப்பது சின்னுவின் காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தால், காதில் இயர்போன், கையில் கரண்டி, வாயில் கொரிய மொழி. திருடி அகப்பட்டவள் போல் அண்ணி விழித்தாள். சின்னு அடுத்த வரியைப் பாடிக் காட்டினாள். அன்றோடு நாத்தனாரும் அண்ணியும் என்ற பேச்சே போய்விட்டது. ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக்கொண்டு துணி மடித்தார்கள், காய் நறுக்கினார்கள், மொட்டைமாடியில் நின்று ஆட முயன்று கால் பிசகிக்கொண்டார்கள்.

அண்ணிக்குப் பாம்புச் செவி. நான்கு குரல்களுக்கு அடியிலிருந்து அந்த ஒற்றைக் குரலைப் பிரித்து எடுத்துவிடுவாள். "இங்க பாரு, இந்த இடத்துல மூச்சு வாங்குறா பாரு, அது அவதான்" என்பாள். சின்னு எழுதுவதையெல்லாம் முதலில் அவள்தான் படிப்பாள். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். "இது நீ கேட்டது இல்லடி. கேக்கணும்னு ஆசைப்பட்டது. போய் மறுபடி கேளு."

இப்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. அண்ணி வீட்டை விட்டுப் போய், விவாகரத்தும் ஆகிவிட்டது.

அண்ணன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. வெளியில் யாரைக் கேட்டாலும் தங்கமான பிள்ளை என்பார்கள். கோபம் வந்தால் பேசமாட்டான், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்று வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையில் வேலை பார்த்த அண்ணி, திரும்பவும் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். அதற்கு அவன் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டான். வாரங்கள் போயின. அவள் எதிரில் வந்தால் நாற்காலியைச் சுற்றிப் போவது போல் சுற்றிப் போனான். அவள் தட்டை எடுத்து வைத்தால் அதைத் தொடாமல் வேறு தட்டு எடுத்துக்கொண்டான். ஒருநாள் அண்ணி கையிலிருந்த கண்ணாடித் தம்ளரை வேண்டுமென்றே அவன் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டாள். அவன் திரும்பவில்லை. டிவியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினான். ஓடிவந்தது சின்னுதான். கண்ணாடிச் சில்லுகளை இருவரும் பொறுக்கினார்கள். அண்ணி தணிந்த குரலில், "நான் இருக்கேன்தானே சின்னு?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சின்னு சிரித்து வைத்தாள்.

கடைசியில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். "கை நீட்டினானா? இல்ல. செலவுக்குக் குடுக்கலையா? அதுவும் இல்ல. பேசலங்கறதெல்லாம் ஒரு குத்தமாம்மா?" என்றார் பெரியப்பா. பிறகு சின்னுவின் பக்கம் திரும்பினார். "நீதான் அவ கூடவே இருந்தவ. நீ சொல்லு. உங்க அண்ணன் மேல தப்பு இருக்கா?" அம்மா சின்னுவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது பெரியப்பா" என்றாள் சின்னு. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் தங்களுக்கில்லாத பஸ்ஸின் எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்வார்களே, அப்படி இருந்தது.

ஆல்பத்தின் முதல் பாட்டு சின்னுவுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு காலம் அடியில் கிடந்த குரல் மேலே வந்ததும் அதிரும், பிளக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆனால் குரல் மெலிந்து கிடந்தது. மற்ற நால்வரும் வழக்கமாக வந்து சேரும் இடங்களில் யாரும் வரவில்லை. அங்கே இசைகூட இல்லாமல் வெறுமனே விட்டிருந்தார்கள். ஐந்து பேர் படுத்த பாயில் ஒருத்தி படுத்திருப்பது போல, புரள இடமிருந்தும் அவள் ஒரு ஓரமாகவே ஒடுங்கிப் பாடினாள். இரண்டாவது பாட்டு ஆட்டப் பாட்டு. அதுவும் ஏனோ ஒட்டவில்லை. 'அபாரம்' என்று தொடங்கி எழுதி அழித்தாள். 'பொறுமை வேண்டும்' என்று எழுதி அதையும் அழித்தாள். போய் மறுபடி கேளு என்று அண்ணி சொல்வது காதிலேயே ஒலித்தது.

மூன்றாவது பாட்டில் பியானோ மட்டும்தான். பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, பாதிக்கு மேல் பேச்சு. யாரோ ஒரு ரசிகர் மொழிபெயர்த்துப் போட்டிருந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே சின்னு கேட்டாள். ஒரு வீடு, அதில் நிறைய விளக்குகள், எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னைத் தள்ளியவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை என்கிறாள் பாடகி. அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. நீ பார்த்தாய். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அந்தக் கடைசிக் கேள்வியில் குரல் உயரவில்லை, தழுதழுக்கவும் இல்லை. கடையில் விலை கேட்பது போல் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விடுவது போல் நிறுத்திவிட்டாள். அந்த 'நீ' யார் என்று ரசிகர்களுக்குள் சண்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. குழுவின் தலைவிதான் என்றார்கள், இல்லை, மேனேஜர் என்றார்கள். சின்னு இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கையிலிருந்த மெழுகுப் பல் அழுத்தம் தாங்காமல் நசுங்கிப் போயிருந்தது. முதலாளி கூப்பிட்டது இரண்டு காதும் சும்மா இருந்தும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு பெண் லேபுக்கு வந்தாள். அண்ணனுக்கு இரண்டாவதாகப் பார்த்திருந்த பெண்ணின் அக்கா. எல்லாம் பேசி முடித்து, தேதி குறிப்பதுதான் பாக்கி. தோளில் பையோடு, பிளாஸ்டர் தூசியில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"வீட்டுல எல்லாரும் இருக்கும்போது கேக்க முடியாதுங்க. அதான் இங்கயே வந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "எங்களுக்கு அப்பா இல்ல. அவள நான்தான் வளத்தேன். உங்க அண்ணனப் பத்தி எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்றாங்க. அப்புறம் ஏன் முதல்ல வந்தவங்க போனாங்க?"

எனக்கு ஒண்ணும் தெரியாது என்ற வாக்கியம் சின்னுவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஏற்கெனவே பழகிய வாக்கியம், சொல்வதும் சுலபம். அண்ணன் அவளுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன், காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவன். அண்ணி போன இந்த இரண்டு வருடங்களில் அவனும் இளைத்துத்தான் போயிருந்தான்.

"அவர் கெட்டவர் இல்லங்க" என்று தொடங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோவம் வந்தா பேசமாட்டாரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாரக்கணக்கா, மாசக்கணக்கா. எதிர்ல ஆள் நிக்கிறதே தெரியாத மாதிரி இருப்பாரு. அண்ணி... அவங்க, தான் இருக்கோமா இல்லையான்னு எங்கிட்ட கேக்குற அளவுக்குப் போயிட்டாங்க."

அக்காக்காரி பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

சம்பந்தம் நின்றுபோனது. ஏன் என்று அம்மாவுக்குத் தெரிய அதிக நேரமாகவில்லை. "சொந்த அண்ணன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி பாவி! அவன் உனக்கு என்ன கெடுதல் பண்ணான்?" என்று அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து அழுதாள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆல்பத்தைப் பற்றிச் சின்னு அதற்குப் பிறகுதான் எழுதினாள். 'முதல் தடவை கேட்டபோது குரல் மெலிந்திருக்கிறது என்று நினைத்தேன். மெலிந்துதான் இருக்கிறது. அதை மறைக்க அவள் முயலவில்லை. தனியாக வந்தவள் வெற்றிக்கொடி நாட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தது என் பிழை. நாம் கைதட்டிவிட்டால் நம் கணக்கு நேராகிவிடும் என்ற ஆசை அது. அவள் நமக்காக ஜெயிக்க வரவில்லை. மூன்றாவது பாட்டில் ஒரு கேள்வி கேட்கிறாள். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் பாடகியிடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.' இதைப் போட்டதும், எண்ணத்தை மாற்றிக்கொள்வதற்குள் அண்ணிக்குப் போன் செய்தாள்.

எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தாள். எடுத்தாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி மருந்துக்கடையில் சேர்ந்துவிட்டாள் போலிருந்தது.

"நம்ம ஓரத்துப் பொண்ணு தனியா ஆல்பம் போட்டிருக்கா அண்ணி. கேட்டீங்களா?"

"இல்ல சின்னு." குரலில் வெறுப்பில்லை. "பாட்டெல்லாம் இப்ப கேக்கறதில்ல. காதுல எதையாவது வச்சாலே அந்த வீடு வந்துடுது."

பாம்புச் செவிக்காரி பாட்டையே விட்டுவிடுவாள் என்று சின்னு ஒருநாளும் நினைத்ததில்லை. இத்தனை நாளாக, எங்கோ ஒரு சமையலறையில் அண்ணியும் இதே பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பில்தான் ஒவ்வொரு வரியையும் எழுதியிருந்தாள்.

"அன்னிக்குப் பெரியப்பா கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும் அண்ணி."

"ஆமா" என்றாள் அண்ணி. பரவாயில்லை என்றோ விடு என்றோ அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பொறுத்து, "இன்னும் என்னடி அண்ணி?" என்றாள்.

"வேற எப்படிக் கூப்பிடறது?"

அந்தப் பக்கம் மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது. "ஆள் வந்துட்டாங்க. வைக்கிறேன்."

மறுநாள் சாப்பிடும்போது மூவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுது களைத்து வெறும் குழம்பைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு நிறுத்தினான். உப்பு ஜாடி சின்னுவின் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. "அம்மா, உப்பு" என்றான், அம்மாவைப் பார்த்து. சின்னு ஜாடியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் கை இன்னும் ஜாடியின் மேலேயே இருந்தது. அவன் பார்வை அவள் தலைக்குப் பின்னால் இருந்த சுவரில் நின்றது. கை மேசையிலிருந்து எழும்பவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அவன் கை நீண்டு வந்து, அந்த ஜாடி தானாகவே அங்கே வந்து நின்றது போல், அதை எடுத்துக்கொண்டது.